திரைச்சீலைப் பெட்டியில் வந்த வாள்

என் கணவரின் கால் ஒடிந்த வருடத்தில்தான் ஜப்பானிய வாள் என்ற பேச்சு எங்கள் வீட்டில் தொடங்கியது.

அவர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் அச்சு செய்கிறவர். பிளாஸ்டிக் சாமான்களை வார்ப்பதற்கான இரும்பு அச்சுகளைக் கடைந்து, ராவி, கண்ணாடி போலத் தேய்த்துக் கொடுப்பது வேலை. ஜொகூர் பாருவில் நாங்கள் இருக்கும் தம்போயிலிருந்து விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி எல்லைப் பாலம் தாண்டிப் போய் இருட்டிய பிறகு திரும்புவார். அப்படி இருந்தவர் ஒரு மழைக் காலையில் லாரிக்கு ஒதுங்கப்போய் மோட்டாரோடு சரிந்தார். தொடையில் தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலைக்கு எப்போது திரும்பலாம் என்று யாரும் சொல்லவில்லை.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். காலையில் அவருக்குச் சோறும் குழம்பும் மூடி வைத்துவிட்டுப் போவேன். மாலையில் திரும்பும்போது பாதிச் சோறு அப்படியே இருக்கும். டிவி ஓடும், அவர் அதைப் பார்க்கமாட்டார். "வலிக்குதா?" என்று கேட்டால் "இல்ல" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். அவர்கள் போனில் அழைத்தாலும் என்னிடமே கொடுத்துவிடுவார்.

ஒரு நாள் நான் செருப்பைக் கழற்றும் முன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இங்க வாயேன், இத பாரு."

கைத்தொலைபேசியில் ஒரு ஜப்பானியர் தரையில் குந்தியபடி ஒரு வாளைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். வாளின் கூர் ஓரமாக, கடலோரத்து நுரை போல ஒரு வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து ஓடியது.

"அது பெயிண்ட் இல்ல. களிமண்ணு பூசி, காய வச்சு, தண்ணியில எறக்குறப்ப இரும்புக்குள்ள விழுற கோடு. கூர் கெட்டியாயிடும், முதுகு மெத்துனு நிக்கும். நாங்க மெஷின் வச்சுப் பண்றத அவன் கண்ணால பாத்துப் பண்றான்."

ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசி வெகுநாளாகியிருந்தது. எனக்கு வாளைப் பற்றி ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு தினமும் வாள்தான். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பில் செய்தவர் தன் பெயரை வெட்டியிருப்பார் என்றும், அந்தப் பகுதியின் துருவைப் பார்த்தே வயதைச் சொல்லலாம் என்றும் எனக்குப் பாடம் நடந்தது. சாப்பாடும் மிச்சமில்லாமல் இறங்கியது.

பார்ப்பதிலிருந்து வாங்குவதற்கு அதிக தூரமில்லை.

"வீட்ல இருக்கற பாராங் போதாதா?" என்று கேட்டேன். தேங்காய் வெட்டும் கத்தியைத்தான் சொன்னேன்.

"அலமாக், அதுவும் இதுவும் ஒண்ணாம்மா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைக்கத்தான் முதலில் நினைத்தார். சுங்கத்தில் பிடித்துவைப்பார்கள், அனுமதி கேட்பார்கள், பணமும் வாளும் சேர்ந்து போகும் என்று வாள் பிரியர்களின் இணையக் குழு ஒன்றில் யாரோ பயமுறுத்தியதால் அந்த யோசனையை விட்டார். உள்நாட்டில் இருப்பதை வாங்கினால் வம்பில்லை என்று முடிவு செய்தார். பழைய சாமான் விற்கும் பக்கம் ஒன்றில் அந்த விளம்பரம் கிடைத்தது. வடக்கே தங்காக் ஊரிலிருந்து ஒரு பெண் போட்டிருந்தார். காலஞ்சென்ற அப்பாவின் சேகரிப்பு, முந்நூறு வருடத்துக்கும் மேல் பழையது, பெயர் வெட்டியது என்று மலாயில் நாலு வரி இருந்தது. படங்கள் மங்கல். இன்னொரு படம் கேட்டதற்கு அதைவிட மங்கலாக ஒன்று வந்தது.

"இவ்ளோ கம்மியா குடுக்கறாங்களே, ஏன்?" என்றேன்.

"அப்பா போயிட்டாரு. புள்ளைங்களுக்கு அருமை தெரியல. அதான்." அவர் முகம் மலர்ந்திருந்தது. "இரும்ப பத்தி எனக்குத் தெரியாதா? பாத்துப்பேன் லா."

விற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, தனக்குத் தெரியும் என்ற அந்த நினைப்பைப் போலப் புது ஆளை வீழ்த்துவது வேறில்லை என்று பிறகு ஒருவர் எங்களிடம் சொன்னார். அப்போது அதைச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் நான் தடுத்திருப்பேனா என்று தெரியவில்லை. பார்சல் வரும் என்று சொன்ன நாளில் என் கணவர் ஊன்றுகோலை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வாசல் கேட் வரைக்கும் நடந்துபோய் நின்றார். அந்த ஒரு காட்சிக்காக அந்தப் பணம் போகட்டும் என்று நினைத்தேன்.

வந்தது ஒரு நீளமான அட்டைப் பெட்டி. மேலே திரைச்சீலை மாட்டும் கம்பியின் படம். அடுத்த வீட்டு மலாய்க்கார அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "புது லங்சீரா?" என்று திரைச்சீலையைக் குறித்துக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். உள்ளே கொண்டுபோன பிறகுதான் உறைத்தது, கூரியர்காரனும் அப்படி நினைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறான். திறந்து பார்த்திருந்தால் யார் பதில் சொல்வது?

ஆனால் உறையிலிருந்து அதை உருவியபோது நானும் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அது அழகாக இருந்தது. அவர் ஒரு மர ஆணியைத் தட்டி எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினார். கரிய துருவில் வெட்டெழுத்துகள் தெரிந்தன. தொலைபேசியில் அந்தப் பெயருக்கு உரிய படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. என் கையைப் பிடித்து அழுத்தினார். கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படிச் செய்ததில்லை.

முனையருகில் சிறு துருப்புள்ளி இருந்தது. வேலையிடத்தில் அச்சுகளுக்குப் போடும் மெல்லிய தேய்ப்புத் தாள் கொஞ்சம் வீட்டில் இருந்தது. கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்த்தார். புள்ளி போய்விட்டது. அந்த இடம் மட்டும் புது ஸ்பூன் மாதிரிப் பளபளத்தது. அதையும் சேர்த்துப் படமெடுத்துக் குழுவில் போட்டார்.

பாராட்டு வரும் என்று காத்திருந்தார். குழு அமைதியாக இருந்தது. கடைசியில் ஒருவர் மட்டும் தனியாகச் செய்தி அனுப்பினார், அதுவும் தமிழில்: "அண்ணே, தயவுசெஞ்சு இனிமே அதத் தேய்க்காதீங்க. எந்த ஊர்ல இருக்கீங்க?"

அவர் ஜொகூர் பாருவில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். தமிழ் முஸ்லிம். ஜப்பானில் படித்தபோது இந்தப் பைத்தியம் பிடித்ததாகச் சொன்னார். வாளை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார் என் கணவர். "வேண்டாண்ணே. அத கார்ல வச்சுக்கிட்டு ரோட்ல போறதே வம்பு. போலீஸ் நிறுத்துனா உங்களால விளக்கிச் சொல்ல முடியாது. நானே வர்றேன்" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். என் கணவரைவிடச் சில வயது இளையவர். டீயைக்கூடத் தொடாமல் முதலில் கை கழுவினார். துணி விரித்து, விளக்கைத் தாழ்த்தி, வாளை விளக்குக்கு நேரே பிடித்து மெதுவாகச் சாய்த்தார். பிறகு கைப்பிடியைக் கழற்றி எழுத்துகளைப் பார்த்தார். என்னிடம் பூதக்கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டார். என் கைப்பையில் எப்போதும் ஒன்று இருக்கும். கொடுத்தேன். நோயாளியின் வாயைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த என் கணவர் மூச்சுவிடுவதாகவே தெரியவில்லை.

"அண்ணே, மனச தளர விடாதீங்க. எல்லாருக்கும் முதல் வாள் இப்படித்தான் ஆகுது. எனக்கும் ஆச்சு."

"டூப்ளிகேட்டா?"

"பேரு பொய். எழுத்து துருவுக்கு மேல வெட்டியிருக்கு, பாருங்க. துரு முதல்ல, எழுத்து பின்னால. அப்புறம் கெமிக்கல் போட்டு மூடியிருக்காங்க."

"நான் படத்தோட வச்சுப் பாத்தேனே. அப்படியே பொருந்துச்சு."

"படத்த பாத்து வெட்டுனா பொருந்தத்தானேண்ணே செய்யும்." அதைச் சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு பூதக்கண்ணாடியை என் கணவரிடம் நீட்டினார். "இந்த எடத்த பாருங்க. உங்களுக்கு என்னைவிட நல்லா தெரியும்."

என் கணவர் குனிந்து பார்த்தார். அவர் காது சிவப்பதைப் பார்த்தேன்.

"அரம் போட்டு ராவியிருக்கான்" என்றார் மெல்ல. "இங்க ஏதோ இருந்திருக்கு."

"முத்திரை. ஃபேக்டரி முத்திரை. போர்க் காலத்துல ஜப்பான் ஆர்மி ஆபீசர்களுக்காக வரிசையா செஞ்ச வாள். தண்ணியில இல்ல, எண்ணெயில எறக்குனது. முத்திரைய ராவிட்டுப் பழைய பேர வெட்டி, பழைய வாள்னு வித்திருக்காங்க. அந்த வெள்ளைக் கோட்டையும் ஆசிட்ல தூக்கிக் காட்டியிருக்காங்க. இந்த ஊர்ல கெடக்கற வாளுங்க நெறைய இப்படித்தான்."

"இரும்புலயே கெடந்தவன் நான்" என்றார் என் கணவர். "எனக்குத் தெரியாம போச்சே."

"உங்க இரும்பு வேறண்ணே. அது பொய் சொல்லாது."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. 'ஆபீசர்களுக்காக' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். என் அப்பாவின் அப்பாவை லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றிலிருந்து சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. அவருடைய படம்கூட எங்களிடம் கிடையாது. மேசை மேல் கிடந்த இந்த இரும்பு எந்த இடுப்பில் தொங்கியது, எங்கெல்லாம் போனது, யாருக்குத் தெரியும்? ஒன்றுமே செய்யாமல் ஒரு பெட்டிக்குள் கிடந்திருக்கலாம். என்றாலும் அதன் அழகை ரசித்த என் கண்களைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

டாக்டர் போன பிறகு என் கணவரிடம் சொன்னேன். "இது இந்த வீட்ல இருக்கக்கூடாதுங்க."

அவர் மறுக்கவில்லை. மறுபடியும் ஊமையாகிவிடுவாரோ என்று பயந்தேன். நல்லவேளை, அவருக்குக் கோபம் வந்தது. கோபம் எவ்வளவோ தேவலை.

"ஏமாத்துக்காரி! இன்னும் ரெண்டு வாள் விளம்பரத்துல போட்டிருக்கா, பாரு. நேர்ல போய் நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்."

அடுத்த விடுமுறையில் நான்தான் கார் ஓட்டினேன். வாளை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு, டாக்டர் எடுத்துத் தந்த படங்களை மட்டும் கொண்டுபோனோம். நெடுஞ்சாலை முழுக்க அவர் மலாயில் ஒத்திகை பார்த்தார். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, எங்கே குரலை உயர்த்துவது என்று. லேடாங் மலை மேகத்துக்குள் தெரிந்தபோது ஒத்திகை ஓய்ந்தது.

பெட்டி மேல் இருந்த முகவரி ஒரு திரைச்சீலைக் கடைக்குக் கொண்டுபோய் விட்டது. தங்காக்கில் துணிக்கடைக்கா பஞ்சம்? ஆனால் இது கூட்டமில்லாத பழைய கடை. உள்ளே அறுபதை நெருங்கும் ஒரு சீன அம்மாள் துணியை அளந்துகொண்டிருந்தார். என் கணவர் நொண்டிக்கொண்டு படியேறுவதைப் பார்த்ததும் அளவுகோலைப் போட்டுவிட்டு ஓடிவந்து நாற்காலி இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க அண்ணே, மெதுவா" என்றார். 'அண்ணே' மட்டும் தமிழ், மற்றதெல்லாம் மலாய். யாரென்று சொன்னதும் அவர் முகம் விரிந்தது. "அப்பாவோட வாளை வாங்கினவரா? நல்ல ஆளுக்குப் போச்சான்னு கவலையா இருந்தேன். நீங்க கேட்ட கேள்வியிலேயே தெரிஞ்சது, அதை மதிக்கிறவர்னு."

ஒத்திகை பார்த்த எந்த வார்த்தையும் என் கணவர் வாயிலிருந்து வரவில்லை.

மீதி வாள்களைக் காட்டுவதாகச் சொல்லி எங்களை மாடிக்கு அழைத்துப்போனார். ஒவ்வொரு படிக்கும் என் கணவருக்காக நின்றார். அறையில் ஒரு கண்ணாடி அலமாரி, முன்னால் ஒரு மூங்கில் நாற்காலி. அப்பா தினமும் கடை மூடிய பிறகு இங்கே உட்கார்ந்து வாள்களைத் துடைப்பார் என்றார். வெகு காலம் ஒரு வியாபாரி அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தானாம். அம்மா மட்டும் சாகும்வரை இந்த அறைக்குள் கால் வைத்ததில்லையாம்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"அப்பாவோட அண்ணனை ஜப்பான்காரங்க கொண்டுபோனாங்க. திரும்பி வரல. அந்த வீட்ல பிறந்தவர் எதுக்கு இதை வாங்கினார்னு எங்க யாருக்கும் தெரியாது. கேட்டா ஒண்ணுதான் சொல்வார். இதெல்லாம் அந்தக் காலத்துக்கு முன்னாடி உள்ளது, பழையது, இதுல அந்தக் கறை இல்லன்னு."

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். எதுவும் சொல்லாமல் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். அதுதான் இரக்கம் போலத் தோன்றியது. ஆனால் விளம்பரத்தில் இன்னும் இரண்டு இருந்தன. அவற்றையும் யாராவது வாங்குவார்கள். அந்த ஆளுக்கு டாக்டர் கிடைக்காமலும் போகலாம்.

என் கணவர் ஒன்றை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கைப்பிடியைக் கழற்றினார். பிறகு இன்னொன்றையும். பெயர் இரண்டிலும் வேறு. ஆனால் உளி ஒன்றுதான், கோடு தொடங்கும் இடத்தில் ஒரே மாதிரி ஒரு பிசிறு இருந்தது என்று பிற்பாடு எனக்கு விளக்கினார். அப்போது இரண்டையும் துணி மேல் வைத்தார்.

"அன்ட்டி, உங்கப்பாவை அந்த வியாபாரி ஏமாத்தியிருக்கான்" என்றார். "பேரெல்லாம் பிறகு வெட்டினது. நான் வாங்கினதும் அப்படித்தான். உங்க மேல தப்பில்ல."

அந்த அம்மாள் துணி மேல் கிடந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"பழையது இல்லன்னா, எப்போ செஞ்சது?"

என் கணவர் ஒரு வாளின் கைப்பிடியை மறுபடி மாட்டத் தொடங்கினார். நான்தான் சொன்னேன். "நாங்க வாங்கினது போர்க் காலத்துல செஞ்சது, அன்ட்டி. மத்ததை யாராவது தெரிஞ்சவங்க பார்க்கணும்." அதோடு நிறுத்த முடியாமல் என் தாத்தாவைப் பற்றியும் சொன்னேன். சயாம் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கீழே யாரோ வாடிக்கையாளர் மணியடித்தார்கள். அவர் போகவில்லை.

"அப்பா இது தெரியாமலே போனது நல்லது" என்றார் கடைசியில்.

நாங்கள் கேட்காமலே பணத்தைத் திருப்பித் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். கீழே இறங்கும் முன்பே தொலைபேசியை எடுத்து விளம்பரத்தை அழித்தார். அதை எங்களுக்குக் காட்டவும் செய்தார். வாசல் வரை வந்து, காரில் ஏறும்போது என் கணவரின் காலைத் தூக்கி வைக்க உதவினார்.

பிறகு டாக்டர் தங்காக்குக்குப் போய் எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றே ஒன்று நிஜமாகவே மிகப் பழையது. ஆனால் அந்தப் பெரியவர் அதன் மேல் ஆசைப்பட்டுத் தேய்த்துத் தேய்த்தே அதன் தோலை எடுத்துவிட்டிருந்தார். விலைக்குப் போகாது. அந்த அம்மாளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, ஒன்றாவது அப்பா சொன்ன மாதிரி இருக்கிறதே என்று அழுதாராம். எங்கள் வீட்டிலிருந்ததையும் மற்றவற்றையும் என்ன செய்வது என்று டாக்டர் தனக்குத் தெரிந்த வக்கீலைக் கேட்டார். அவர் சொன்ன முறைப்படி போலீஸில் எழுதிக்கொடுத்து ஒப்படைத்தோம். அதிகாரி என் கணவரைக் கொஞ்சம் வேடிக்கையாகப் பார்த்தார். அவ்வளவுதான்.

ஒரு வழியாகக் கால் கூடி அவர் வேலைக்குத் திரும்பினார். வாள் பைத்தியம் போகவில்லை. மாதம் ஒரு ஞாயிறு டாக்டர் வீட்டுக்குப் போவார். இருவரும் விளக்கடியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். திரும்பி வந்து எனக்கு ஒப்பிப்பார். வாங்குவதைப் பற்றி இன்றுவரை பேச்சில்லை. முதலில் கண் பழகட்டும், நூறு நல்லதைப் பார்த்தால்தான் ஒரு கெட்டது தெரியும் என்கிறார்.

போன வாரம் குழுவில் யாரோ ஒரு புதியவர் மங்கலான படங்கள் சிலவற்றைப் போட்டிருந்தார். மிகப் பழையது, விற்கிறவருக்கு அருமை தெரியவில்லை, நாளைக்குள் பணம் கட்டினால் தனக்குத்தான் என்று எழுதியிருந்தார். என் கணவர் ஆறிய டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருக்குத் தனிச் செய்தி எழுதினார். கைப்பிடியைக் கழற்றிப் படம் கேளுங்கள், அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள், வாங்குவதற்கு முன் ஒரு தடவை நேரில் யாரிடமாவது காட்டுங்கள் என்றெல்லாம்.

பதில் உடனே வந்தது. வாசித்துவிட்டு அவர் சிரித்தார்.

"என்னவாம்?"

"எனக்குப் பொறாமையாம். நான் வாங்கறதுக்காக அவர கெளப்பி விடறேனாம்."

"விடுங்க. நம்பலன்னா போகட்டும்."

"இல்லம்மா. அப்ப எனக்கு எவனாவது இதச் சொல்லியிருந்தா, நானும் இதத்தான் எழுதியிருப்பேன்." அவர் மறுபடியும் தட்டச்சு செய்யத் தொடங்கினார். எட்டிப் பார்த்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றும், வாங்கிவிட்டாலும் பரவாயில்லை, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றும் எழுதி, கீழே தன் நம்பரைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் இன்னும் கூப்பிடவில்லை.